பாலைப் பூட்டி, கதவைக் காய்ச்சி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, முதுகு வலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நீ நாற்காலியில் உட்காரும் லட்சணம் தெரிந்தும் நம்புகிறேன்.

ஒரு மாதமாக நான் போனை எடுக்கவில்லை என்று ஏழு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறாய். முதல் மூன்றில் கவலை, அடுத்த மூன்றில் கோபம், கடைசியில் வெறும் கேள்விக்குறி. விஷயம் இவ்வளவுதான். ரயில் நிலையத்தில் நாளெல்லாம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த ரயில் எந்தப் பிளாட்பாரம் என்று அறிவித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. தொண்டைக்கு ஓய்வு வேண்டும். அதனால் இனி நமக்குள் கடிதம்தான். குறுஞ்செய்தியும் ஆகாது. இரண்டு எழுத்து தட்டுவதற்குள் போன் அடுத்த சொல்லை எடுத்து நீட்டுகிறது. இருபத்திரண்டு வருடம் ஒரு சொல் பிசகாமல் பேசியவளுக்கு அது சொல் எடுத்துக் கொடுக்குமாம். போகச் சொல்.

எனக்கு ரயில் எண்ணும் பிளாட்பார எண்ணும் எழுதித் தருகிற சீட்டுக்காரர், உன் தம்பி என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு ஜோக் எழுதுகிறான் என்றேன். அதற்கெல்லாம் ஆபீஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பாவம் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். நீ சரியாக என்னதான் செய்கிறாய் என்று எழுது. அவரிடம் மானத்தைக் காப்பாற்ற வேண்டும்.

இங்கே நல்ல மழை. நேற்று செருப்பை விரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். பாதி வழியில் காற்று அதையும் திருப்பிவிட்டது.

உன் அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் முதுகு நிமிர்ந்திருக்கிறது, உன் கடிதத்தைப் படிக்கும் வரையிலாவது. தொண்டைக்கு வெந்நீர் குடிக்கிறாயா? கோபம் போய்விட்டது. தபால்காரர் என் பெயரைச் சொல்லி மணி அடித்ததில் பாதி போய்விட்டது.

சீட்டுக்காரரிடம் இப்படிச் சொல். நாங்கள் நடத்தும் விளையாட்டுக்குப் பெயர் 'பரண் வேட்டை'. ஆடுகிறவர்கள் யாரும் இல்லாத வீட்டுப் பரணில் ஏறி மூட்டைகளைக் கிளறுவார்கள். அகப்படுவதெல்லாம் உதவாத சாமான். எதைத் தொட்டாலும் அதைப் பற்றி இரண்டு வரி வரும். அந்த இரண்டு வரிதான் என் பிழைப்பு. உதாரணத்துக்கு ஒரு விளக்கு. "எரியும். விளக்கு என்று கேட்டால் விளக்காது. மாமனாரைப் போல எரிந்து விழும்." இதில் மாமனார் இருப்பது காலி இடம். அந்த இடத்துக்கு நாற்பது சொல் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை தொடும்போதும் ஒன்று குலுக்கலில் வந்து விழும். ஒருவருக்கு மாமனார், ஒருவருக்கு மேலதிகாரி, இன்னொருவருக்கு ஈர விறகு. நூறில் தொண்ணூறு உப்புச் சப்பில்லாமல் போகும். பத்து வயிற்றைப் புண்ணாக்கும். வேற்றுமை உருபுதான் உயிரை வாங்குகிறது. 'மரம்' விழுந்தால் அது 'மரத்தை' ஆக வேண்டும். நான் கவனிக்காமல் விட்டால் 'மரம்ஐ' என்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

மூன்று மாதமாக என்னிடம் சரக்கு இல்லை. தப்பான சொல்லைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மனசு எப்போது பார்த்தாலும் சரியான சொல்லையே கொண்டுவந்து கொடுக்கிறது. எங்கள் குழுத்தலைவி போன வாரம், "வேற யாரையாவது உதவிக்குப் போடட்டுமா?" என்று கேட்டாள். அந்த 'உதவி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் வந்தது உன் செருப்பு. விரித்துக்கொண்டு போனாயாம், காற்று திருப்பிவிட்டதாம். ஆபீசில் தனியாகச் சிரித்தேன். "செருப்பு: மழை வந்தால் விரிக்கவும்." அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன். இன்னும் எழுது.

தம்பி


ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன். உனக்குச் சளி பிடிக்கிற காலம் இது, காதை மூடிக்கொண்டு போ. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

செருப்பு என்று ஏதோ எழுதியிருந்தாய். எனக்குப் புரியவில்லை. உன் ஜோக் எனக்கு எப்போது புரிந்திருக்கிறது? ஆனால் உன் வேலையைப் பற்றி எழுதியதைச் சீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். விளக்கு வரியைக் கேட்டு, அவர் மாமனார் நினைவு வந்து, இருமும் வரை சிரித்தார். மானம் பிழைத்தது.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து, சீப்பால் பல் தேய்த்து, கதவைக் காய்ச்சி ஆற வைத்து, பாலைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் ஏழு மணிக்கு நிலையம். மாலை ஐந்துக்குத் திரும்பி வந்து செடிக்குத் தண்ணீர். இதுதான் என் ராஜ வாழ்க்கை.

போன வாரம் ஒரு குழப்பம். இரண்டாம் பிளாட்பாரத்தில் நின்ற ரயிலை ஐந்தாவது என்று அறிவிப்பு போய்விட்டது. இருநூறு பேர் மூட்டை முடிச்சோடு மேம்பாலம் ஏறி ஓடினார்கள். ரயில் போய்விட்டது. சீட்டில் எண் தவறாக இருந்ததாம். சீட்டுக்காரரைப் பார்சல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கையெழுத்து அழகாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

சளி இல்லை, காய்ச்சல் இல்லை, தலையில் மட்டும் கொஞ்சம் கனம். காரணம் நீதான்.

சீப்பால் பல் தேய்ப்பது. இதை எப்படி யோசித்தாய்? சீப்புக்குத்தான் பல் இருக்கிறதே, அந்தப் பல்லை யார் தேய்ப்பது என்று நான் வீடு வரைக்கும் நடந்துகொண்டே யோசித்தேன். அப்புறம் அந்தப் பாலும் கதவும். நீ எழுதிய தொனிதான் அதில் பெரிய விஷயம். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், கடை கண்ணிக்குப் போய் வந்தது போலச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறாய். நான் பத்து வருடமாக இந்தத் தொனியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

"கதவு: காய்ச்சி ஆற வைக்கவும். பால்: பூட்டிச் சாவியை எடுத்துக்கொள்ளவும்." ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். 'கதவு காய்ச்சிட்டியா?' என்பது ஆடுகிறவர்களுக்குள் வணக்கம் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. குழுத்தலைவி என் மேஜைக்கே வந்து, இதெல்லாம் எங்கிருந்து பிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாம் வீட்டுச் சரக்கு என்றேன். உதவிக்கு ஆள் போடுகிற பேச்சு நின்றுவிட்டது. உன் வரிகளை எல்லாம் ஒரு தாளில் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். மேலே 'எல்லாம் அக்கா சரக்கு' என்று போட்டிருக்கிறேன். சுவரில் ஒட்டு.

சீட்டுக்காரர் விஷயம் சங்கடமாக இருக்கிறது. அவர் ஒரு எண்ணை மூன்று தடவை பார்த்து எழுதுகிற ஆள் என்று நீயே சொல்வாய். அவருக்கா இப்படி?

அடுத்த கடிதத்தைச் சீக்கிரம் அனுப்பு. சரக்கு வேண்டும்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

நீ சௌக்கியமாக இருப்பாய். இருக்கட்டும்.

நீ அனுப்பிய தாளைப் பார்த்தேன். நான் எழுதியது இது: பிரஷ்ஷால் பல் தேய்த்து, பாலைக் காய்ச்சி, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொல்லை மாற்றிப் போட்டுக் கேலி செய்வது உன் தொழில், செய். அதை என் தலையில் ஏன் கட்டுகிறாய்? 'அக்கா சரக்கு' என்று மேலே எழுதி வேறு அனுப்புகிறாய். நாற்பதாயிரம் பேர் சிரிக்க உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா?

சின்ன வயதில் உன்னைக் காதைப் பிடித்துப் பள்ளிக்கூடம் இழுத்துக்கொண்டு போனவள் நான். இப்போதும் கை எட்டும்.

கோபம் ஒரு டம்ளர் கடிகாரம் குடித்த பிறகுதான் அடங்கியது. இந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். இதிலும் எதையாவது மாற்றிப் போட்டாயானால் நம் பேச்சு இதோடு சரி.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? இந்தத் தடவை சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

நான் எதையும் மாற்றவில்லை. உன் மூன்று கடிதங்களின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் கோடு போட்டிருக்கிற இடங்களை மட்டும் பார். உன் கையெழுத்துதான். அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுத்து எழுத்தாக, பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி எழுதியிருக்கிறாய். நீ எப்போதும் கிறுக்கித் தள்ளுகிறவள். இதை நான் மார்ச்சிலேயே கவனித்திருக்க வேண்டும். சிரிப்பில் விட்டுவிட்டேன்.

நான்காவது கோடு கடைசிக் கடிதத்தில், கோபமாக எழுதிய இடத்தில் இருக்கிறது. கோபத்தில் யாரும் ஜோக் எழுத மாட்டார்கள் என்று ஜோக் எழுதுகிற எனக்குத் தெரியும்.

வேண்டுமென்றே எழுதியதுதான் என்று ஒரு வரி போடு. நான் முட்டாள் என்று சேர்த்துப் போடு. சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 11

அக்காவுக்கு,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எழுத ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

நேற்று உன் நிலையத்தின் விசாரணை எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் ஏதோ ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் உன் குரல் கேட்டது. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் நின்று நின்று பேசினாய், ஈரத் தரையில் காலை வைத்துப் பார்த்து நடக்கிற மாதிரி. முன்பெல்லாம் நீ பேசுகிற வேகத்துக்கு ரயிலே மூச்சு வாங்கும்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேண்டாம் என்று எழுதினாலும் வருவேன், எழுதாவிட்டாலும் வருவேன்.

தம்பி


ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்கட்டும். என் உடம்பைப் பற்றி இந்தத் தடவை உண்மையைச் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதம் ஒரு காலையில் நிலையத்து டீக்கடையில் நின்று, ஒரு ஜன்னல் கொடுங்கள் என்று கேட்டேனாம். கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், என்னத்துக்கு என்று தெரியாமலே. நான் டீ என்றுதான் சொன்னேன். என் காதில் டீ என்றுதான் கேட்டது. அன்று மட்டும் மூன்று பேர் என்னை அப்படிப் பார்த்தார்கள். டாக்டரிடம் போனேன். தலையில் இடப்பக்கம் நூல் மாதிரி ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். கை கால் எல்லாம் சரியாக இருக்கிறது. சொற்களும் இருக்கின்றன, இருக்கிற இடம் கலைந்து போயிருக்கிறது என்றார். பயிற்சி எடுத்தால் பெரும்பாலும் திரும்பும், முழுக்கத் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை. என்ன வேலை என்று கேட்டார். கோப்பு அடுக்குகிற வேலை என்றேன். பயிற்சிக்கும் போகவில்லை. அங்கே போனால் வியாதி என்று ஆகிவிடும்.

போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் நீ கண்டுபிடித்துவிடுவாய். அதுதான் தொண்டை வலி.

மைக்கில் இன்றுவரை நான்தான் இருக்கிறேன். அறிவிப்பு எல்லாம் வாய்ப்பாடு மாதிரி, தானாக வந்துவிடும். எண்ணில்தான் பயம். ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே அத்தனை கோடு போட்டு, விரலால் தொட்டு எண்ணிவிட்டுச் சொல்கிறேன். அந்த மைக்கை விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது, தம்பி. இருபத்திரண்டு வருடம். கடையில் போய் நின்றால்கூட, நீங்க ஸ்டேஷன் குரல்தானே என்று கேட்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் சீட்டில் இரண்டு என்றுதான் எழுதியிருந்தது. ஐந்து என்றது நான். அதிகாரி வந்து கேட்டபோது, "சீட்டுல அஞ்சுன்னுதான் இருந்துச்சு" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் மட்டும் ஒரு சொல்கூட மாறவில்லை.

இதை எழுத ஆறு நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தேன். தயவுசெய்து வராதே. நான் தடுமாறி நீ பார்த்ததில்லை.

அக்கா


ஜூலை 24, விரைவுத் தபால்

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க நேரில் வருகிறேன், அதனால் இங்கே விசாரிக்கவில்லை.

இதுவரை நான் உனக்கு ஒரு வேலை சொன்னதில்லை. உன்னை விட ஆறு வயது இளையவன், சொன்னால் காது போய்விடும். இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். இந்தக் கடிதம் கிடைத்த நிமிடத்திலிருந்து மைக்கைத் தொடாதே. விடுப்பு எழுதிக் கொடு. தொண்டை என்றே எழுது, கடைசித் தடவையாக. அந்த நிலையத்தில் ஆயிரம் பேர் உன் குரலை நம்பி ஓடுகிறார்கள். அடுத்த தடவை இருநூறு பேர் ரயிலைத் தவறவிடுவதோடு போகாது.

நான்காம் தேதி காலையில் நாம் இருவரும் அதிகாரியைப் பார்க்கிறோம். சீட்டுக்காரர் மேல் விழுந்ததை நீ எடுக்க வேண்டும். உள்ளே நீ தனியாகத்தான் போக வேண்டும், பேச வேண்டியதும் நீதான். நான் வாசலில் உன் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ எத்தனை சொல் தடுமாறினாலும் அது உண்மையாக இருந்தால் போதும்.

மைக்கை விட்டால் யார் என்று கேட்டாய். என் அக்கா. அதற்கு முன்பும் அதுதான், அப்புறமும் அதுதான்.

கடைசியாக என் பங்குக்கு. உன் தலைக்குள் அடைத்துக்கொண்டதை எடுத்து நான் ஊருக்கெல்லாம் ஜோக்காகக் கொடுத்துப் பெயர் வாங்கியிருக்கிறேன். சரக்கு வேண்டும், சரக்கு வேண்டும் என்று உன்னை அவசரப்படுத்தியிருக்கிறேன். நான்கு வரிகளையும் இன்று காலை பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதக் கூசுகிறது. வந்து சொல்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் பிடித்துக்கொண்ட முதுகு இன்னும் விடவில்லை என்று காலையில் போனில் சொன்னாய். பத்து நாள் என் வீட்டுத் தரையில் படுத்ததற்கு இதோடு விட்டதே என்று சந்தோஷப்படு. நான் மாத்திரையும் நடையுமாக ஒழுங்காக இருக்கிறேன்.

அதிகாரி அறைக்குள் என்ன நடந்தது என்று நீ கடைசி வரை கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். சீட்டு என்பதற்குப் பதிலாக இரண்டு தடவை தொப்பி என்று சொன்னேன் போலிருக்கிறது, அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்புறம் அவர் மேஜையிலிருந்த காகிதத்தை எடுத்து இரண்டு கோடு போட்டு, இதுதான் இருந்தது, ஐந்து என்றது நான் என்று என்னைத் தொட்டுக் காட்டினேன். அந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு கோட்டையும் பார்த்தார். பிறகு, "மைக் இனிமே வேண்டாம்மா" என்றார். அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் மூன்று சொல்லில் முடிந்தது. வெளியே வந்தபோது நீ என் பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், யாரோ பிடுங்கப் போகிற மாதிரி.

நீ போன மறுநாள் பார்சல் கிடங்குக்குப் போனேன். சீட்டுக்காரர் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "சீட்டோட நகல் எங்கிட்டதாம்மா இருக்கு. நீங்களா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். நான்கு மாதம் அந்த மனுஷர் நகலைப் பையில் வைத்துக்கொண்டு பார்சல் தூக்கியிருக்கிறார். அங்கேயே நின்று அழுதேன். அவரைப் பழைய இடத்துக்கே அழைத்துவிட்டார்கள்.

எனக்குக் கொடுத்திருப்பது தவறிய பொருள் அறை. ரயிலில் மறந்துவிட்டுப் போன சாமான்களை வாங்கி, எண் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். ஆமாம், உன் வேலையேதான். இரண்டு வாரத்துக்கு முன் ஒருவர் குடை தேடி வந்தார். பதிவேட்டில் நான், 'கறுப்புச் செருப்பு ஒன்று, மடக்கலாம், கைப்பிடியில் கீறல்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். தலையில் சொல் இடம் மாறிப் போகிற கோளாறு, அது உங்கள் குடைதான் என்று சொன்னேன். வெளியாள் ஒருவரிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார். வானம் இடிந்து விழவில்லை. இப்போது ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சின்னதாகப் படம் வரைந்துவிடுகிறேன். பக்கத்து அறைக்காரர்கள் படம் பார்ப்பதற்கென்றே வருகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


அக்டோபர் 4

அக்காவுக்கு,

முதுகு சரியாகிவிட்டது. நீ இன்று காலை போனில் 'பயிற்சி' என்ற சொல்லை முதல் தடவையிலேயே பிடித்தாய், நான் வாயைத் திறக்காமல் இங்கே மேஜையைத் தட்டினேன்.

போனில் கேட்கத் தயங்கியதை எழுதுகிறேன். சீப்பு எங்கே, காய்ச்சின கதவு எங்கே என்று ஆடுகிறவர்கள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எழுதியவரின் விருப்பம் என்று மட்டும் குழுத்தலைவியிடம் சொன்னேன். பதிலுக்கு வேறு வரிகள் எழுதிப் போட்டேன். ஒன்றும் தேறவில்லை. போகட்டும். உதவிக்கு ஆள் வந்தாலும் வரட்டும். நீ மனம் கஷ்டப்பட்டு நான் மேஜையில் நிலைக்க வேண்டாம். ஆனால் உன்னைக் கேட்காமல் போட்டேன், உன்னைக் கேட்காமல் எடுத்தேன். இரண்டாவதும் தப்பு என்று இப்போது படுகிறது. அதனால் கேட்கிறேன். என்ன செய்யட்டும்?

தம்பி


நவம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. போன வாரப் பரிசோதனையில் நாற்பது படத்தில் முப்பத்திரண்டுக்குச் சரியாகப் பெயர் சொன்னேன். மே மாதம் வைத்திருந்தால் பாதிகூடத் தேறியிருக்காது என்று எனக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னார். உன் பக்கம் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்.

நீ கேட்டதற்கு ஒரு மாதம் யோசித்தேன். அந்த வரிகளைத் திரும்பப் போடு. நான்கையும் போடு. தவறிய பொருள் அறையின் பதிவேட்டிலிருந்து இன்னும் பதினாறு எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அதையும் போடு. நீ யோசித்து யோசித்துத் தேடுகிற தப்பான சொல் எனக்குக் கேட்காமலே வருகிறது, அதை ஏன் வீணாக்க வேண்டும்? முதலில் எனக்குத் தெரியாமல் சிரித்தார்கள், அதுதான் வலித்தது. இப்போது எனக்குத் தெரிந்து சிரிக்கட்டும். நானும் படித்துப் பார்த்தேன். பாலைப் பூட்டியது நன்றாகத்தான் இருக்கிறது. அவை தப்பாக இருக்கலாம், மட்டமாக இல்லை. கீழே 'எழுதியவர்: அக்கா' என்று போட மறக்காதே.

இன்னும் எட்டுப் படம் பாக்கி. அவை வராமலே போகலாம் என்றும் பயிற்சி அம்மா சொன்னார். வராவிட்டால் வரைந்து காட்டிக்கொள்கிறேன்.

வாரம் ஒரு கடிதம் எழுதி, தவறிய சொல்லைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, சரியான சொல்லைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது பயிற்சி அம்மாவின் உத்தரவு. இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தேன். முதல் வரியிலேயே தவறியிருக்கிறது. நீயும் பார்த்திருப்பாய், சிரித்திருப்பாய். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

தினமும் காலை எட்டு மணிக்குப் போன் செய்கிறாய். நான் ஒரு சொல்லுக்காக அரை நிமிடம் நின்றால், அது என்ன சொல் என்று உனக்குத் தெரிந்தாலும், எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கிறாய். உன் மூச்சு மட்டும் கேட்கிறது. இந்த உலகத்தில் எனக்கு மூத்தவர் என்று யாரும் மிச்சம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். வட்டமிடாமல் அனுப்புகிறேன்.

உன் அக்கா